வயிறு தள்ளிய சுவர்

அண்ணி முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே நடந்து போகக்கூடிய இடத்துக்கு நான் எந்த வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்று வீட்டில் அறிவித்தார். அவர் நடக்கக்கூடிய தூரம் என்று சொல்வது, நாங்கள் யோசிக்காமல் டாக்ஸி பிடிக்கும் தூரம்.

அவர் என் கணவரின் அக்கா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நானும் அவரும் மட்டுமாக ஒரு முழு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு எதுவும் இருந்ததில்லை, அவ்வளவுதான். மூன்று பேருமாக அந்த மலை ஊருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. கிளம்புவதற்கு முதல் நாள் என் கணவருக்கு லீவு ரத்தானது. "ரூம் போட்டாச்சு, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார், பெரிய தியாகம் செய்கிற முகத்தோடு. மாட்டேன் என்று முதலில் யார் சொல்வது என்ற தயக்கத்திலேயே எங்கள் பயணம் உறுதியாகிவிட்டது.

அந்த ஊரில் ஒரே மலைச்சரிவில் மேலே ஒன்று, நடுவே ஒன்று, அடிவாரத்தில் ஒன்று என மூன்று பழைய அரண்மனைகள். அவற்றுக்கு இடையில் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டித் தோட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு தட்டையும் ஒரு கருங்கல் சுவர் தாங்கிக்கொண்டு நின்றது. தெருக்கள் எல்லாம் படிக்கட்டுகள். மூன்று நாள் விடாமல் பெய்த மழை, நாங்கள் போய்ச் சேர்ந்த இரவோடு ஓய்ந்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கே அண்ணி ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மலைச்சாலைகளில் மண் சரியாமல் இருக்கக் கட்டும் தாங்குசுவர்களைச் சோதிக்கும் பொறியாளர் நான். சோதிக்கும் பொறியாளராக இருந்தேன் என்பதுதான் சரி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுவரைப் பார்த்துப் பயந்துபோய், மூன்று நாள் ஒரு சாலையையே மூட வைத்தேன். சுவர் விழவில்லை. அந்த மூன்று நாளில் நெஞ்சுவலியோடு ஒருவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், ஊரைச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் அதிகமாகப் போக வேண்டியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகன் எங்கள் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன் நின்று கேட்ட கேள்விகள் இன்னும் என் காதில் இருக்கின்றன. அடுத்த மாதமே என்னைக் கோப்புகள் பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

அன்று காலை மேல் அரண்மனைக்கு ஏறும் வழியில் ஒரு குறுகலான படித்தெருவைக் கடந்தோம். இடது பக்கம் பூட்டிய வீடுகள். வலது பக்கம் மூன்று ஆள் உயரத்துக்குச் சுவர். அதன் தலைக்கு மேலே ஒரு தோட்டத்தட்டு. சுவரடியில் தார்ப்பாய் கட்டி, குடை ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கால் தானாக நின்றது. கல் இடுக்குகளில் எல்லாம் புத்தம்புது சிமெண்ட் பூசியிருந்தது. பழைய சுவர்களில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளையும் சேர்த்து, அழகாக, வழவழவென்று அடைத்திருந்தார்கள். சுவரின் நடுப்பகுதி லேசாக முன்னால் வந்திருந்தது. கொத்தனார்கள் அதை வயிறு தள்ளியிருக்கிறது என்பார்கள். ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். கொண்டையூசியை எடுத்துச் செருகிப் பார்த்தேன். சிரமப்பட்டு நுழைந்தது.

"லீவு போட்டுட்டு வந்தும் சுவரைத் தடவிட்டு நிக்கிறியே" என்றார் அண்ணி, நாலு படி மேலிருந்து. "அரண்மனை மேல இருக்கு."

கொண்டையூசியைத் தலையில் செருகிக்கொண்டு ஏறினேன்.

மேல் அரண்மனையில் கண்ணாடி பதித்த ஒரு நடனக்கூடம் இருந்தது. ராணி குளிப்பதற்கென்று கட்டிய பளிங்குத் தொட்டி இருந்தது. ஒரு அறை முழுக்க நின்றுபோன கடிகாரங்கள். அண்ணி ஒவ்வொரு அறையிலும் உள்ள குறிப்புப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார். "இத்தனை ரூம் வெச்சிருந்தாங்களே, யார் பெருக்கியிருப்பா?" என்று காவலாளியிடம் விசாரித்தார். நான் பார்த்தேன், ஆனால் எதுவும் மனதில் ஏறவில்லை. விரிசலின் விளிம்பு கூராக, சுத்தமாக இருந்ததா, பாசி பிடித்திருந்ததா என்பதையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். பாசி பிடித்திருந்தால் பழைய விரிசல், கவலையில்லை. பாசி இருந்ததாக நினைவில்லை.

இறங்கும்போது மூன்று மணி ஆகியிருந்தது. இந்த முறை வழி, சுவருக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தட்டின் ஊடாகவே போனது. புல்வெளி, நடுவில் வட்டமான ஒரு குளம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இடுப்பளவு கைப்பிடிச் சுவர். அந்தக் கைப்பிடிச் சுவரை ஒட்டி முப்பது பேருக்கு மேல் மடக்கு நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் வயதானவர்கள். ஓய்வு பெற்றவர்களுக்கான ஓவிய வகுப்பாம்.

நான் குளத்தைப் பார்த்தேன். மழை ஓய்ந்து ஒரு பகல்கூட முடியவில்லை, தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு முழம் இறங்கிக் கிடந்தது. தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்.

"காலைலேர்ந்து விட்டுட்டு இருக்கேன்மா" என்றார். "நிக்கவே மாட்டேங்குது. எங்க போகுதுன்னு தெரியல."

எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. "குழாயை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் படித்தெருவுக்கு இறங்கினேன். அண்ணியும் பின்னால் வந்தார்.

காலையில் கொண்டையூசி நுழைந்த விரிசலில் இப்போது என் கட்டைவிரல் நுழைந்தது. விளிம்பில் பாசி இல்லை. கல் உடைந்த இடம் உள்சதை போல வெளுத்திருந்தது. அடிவரிசையில் ஓரிடத்தில் சிமெண்ட் பெயர்ந்து, அதன் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி வருது?" என்று குடைக்காரரைக் கேட்டேன்.

"மத்தியானத்துலேர்ந்து. முதல்ல தெளிவாத்தான் வந்துச்சு. இப்போ ஒரு மணி நேரமா டீ கலருக்கு வருது."

தெளிந்த தண்ணீர் வந்தால் சுவர் மூச்சு விடுகிறது. கலங்கல் வந்தால் உள்ளே இருக்கும் மண் கரைகிறது.

"ஐயா, நீங்க இங்கேர்ந்து எழுந்துடுங்க. இப்பவே."

"இந்த ஒரு கம்பியை மாட்டிட்டு எழுந்துக்கிறேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

அண்ணி என்னைப் பார்த்தார். "விழுமா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"இன்னைக்கே விழலாம். ஒரு மாசம் கழிச்சும் விழலாம். விழாமலே நிக்கலாம், அண்ணி. எனக்கு நிச்சயமா சொல்லத் தெரியல." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அன்று என் மேசை முன் நின்ற அந்த மகனின் முகம் கண்முன் வந்து போனது. பேசாமல் அறைக்குப் போய்விடலாம், நாளைக் காலை ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மேலேயிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி ஏற ஆரம்பித்தேன்.

தோட்டத்தின் கண்காணிப்பாளர் தட்டின் மூலையில் ஒரு சின்ன அறையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் மூன்று பேனா. நான் யார், என்ன பார்த்தேன், ஏன் ஆளை அப்புறப்படுத்த வேண்டும் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், அந்தச் சுவர் முந்நூறு வருஷமா நிக்குது."

"முந்நூறு வருஷமா தண்ணி வெளிய போய்க்கிட்டு இருந்துச்சு. இப்போ துளையை எல்லாம் யாரோ சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்காங்க."

அவர் முகம் மாறியது. "அடைக்கல. புதுப்பிச்சிருக்கோம். ரெண்டு மாசம் முன்னாடி நான் நின்னு செய்ய வெச்ச வேலை. துளையில எலி குடியிருந்துச்சு, செடி முளைச்சுது, பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு."

"உங்களைக் குறை சொல்ல வரல. அந்த ஆளுங்களை மட்டும் எழுப்புங்க."

"நீங்க இந்த ஊர் அதிகாரியா?"

"இல்ல."

"அப்போ எழுதிக் கொடுங்க. திங்கக்கிழமை இன்ஜினியர் வருவார், காட்டுறேன்."

அதற்கு மேல் அவரிடம் நிற்பது வீண். ஓவிய ஆசிரியையிடம் ஓடினேன். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய உயரமான பெண்மணி. தூரிகையை வாயில் கவ்வியபடி நான் சொன்னதைக் கேட்டார். "இன்னும் பத்து நிமிஷம்" என்றார். "பேப்பர் ஈரமா இருக்கு. இப்போ தூக்கினா எல்லார் படமும் வழிஞ்சிடும். அடுத்த வாரம் கண்காட்சி."

"சுவர் விழலாம்னு சொல்றேன்."

"விழலாமா, விழுமா?"

விழும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. சுற்றியிருந்தவர்கள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, மறுபடி தூரிகையைத் தண்ணீரில் தோய்த்தார்கள்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கத்தல் இல்லை. நெரிசலான பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போய்ச் சேர்வதற்கென்றே முப்பத்தொரு வருஷம் தேய்த்துத் தீட்டிய குரல்.

"எல்லாரும் எழுந்திரு. எழுந்திரு, எழுந்திரு. வண்டி இதுக்கு மேல போகாது. சாமானை அங்கயே விடு, சாமான் பின்னால வரும். அந்தப் பக்கம் பெரிய மரத்துக்கிட்ட போ. ஐயா, உங்களைத்தான், நாற்காலியை மடக்காதீங்க. அம்மா, கைப்பையை மட்டும் எடு. பார்த்து, பார்த்து, தள்ளாம போ."

அவர்கள் எழுந்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவர் சட்டைப் பையில் டிக்கெட் தேடியதை என் கண்ணால் பார்த்தேன். ஆசிரியை மட்டும் "என்ன இது, யார் நீங்க?" என்று ஆரம்பித்தார். அண்ணி அவர் முழங்கையைப் பிடித்து, "நீங்கதான் கடைசி ஆளா எண்ணிட்டு வரணும்" என்று வேலை கொடுத்துவிட்டார். அவர் எண்ணத் தொடங்கினார்.

"நீ கீழ போய் அந்தக் குடைக்காரரைப் பாரு" என்றார் அண்ணி என்னிடம். "இதை நான் பார்த்துக்கிறேன்."

படிகளில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கினேன். பின்னால் கண்காணிப்பாளர் கோபமாக வந்துகொண்டிருந்தார். "யாரைக் கேட்டு எழுப்புனீங்க? புகார் கொடுப்பேன், தெரியுமா?" என்று அவர் மூச்சு வாங்கியபடி சொன்னது காதில் விழுந்தது.

குடைக்காரர் எழுந்துவிட்டிருந்தார். ஆனால் குடைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தேன். அதற்குள் கண்காணிப்பாளர் சுவரருகே போய் நின்று, உள்ளங்கையால் ஒரு கல்லைத் தட்டினார்.

"பாருங்க. அந்தத் தண்ணிகூட நின்னுடுச்சு. இதுக்குப் போய் ஊரைக் கூட்டி..."

தண்ணீர் நின்றிருந்தது. சற்று முன் வரை கலங்கலாகக் கொட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை. உள்ளே மண் நகர்ந்து அந்த வழியை மூடியிருந்தது. அவ்வளவு தண்ணீரும் இப்போது சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

"ஓடுங்க" என்றேன். என் குரல் மெதுவாகத்தான் வந்திருக்க வேண்டும், அவர் திரும்பி "என்ன?" என்றார். நான் குடைக்காரரின் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில், தெரு திரும்பும் இடத்தை நோக்கி ஓடினேன். கண்காணிப்பாளரின் உள்ளங்கை இன்னும் கல்லின் மேல் இருந்தது. அந்தக் கை வழியாகத்தான் அவருக்குப் புரிந்திருக்கும். முகம் வெளிறி, அவரும் எங்களை நோக்கிப் பாய்ந்தார்.

முதலில் சிமெண்ட் பட்டைகள் படபடவென்று தெறித்தன. பிறகு ஒரு பெரிய மூட்டையை மாடியிலிருந்து போட்டது போன்ற சத்தம். சுவர் சாய்ந்து விழவில்லை. வயிறு வெடித்த மாதிரி நடுவில் திறந்து, கல்லும் சேறும் புல்லுமாகத் தெருவுக்குள் வந்தது. நாங்கள் திருப்பத்தில் ஒரு கதவோடு ஒட்டி நின்றோம். கண்காணிப்பாளர் எங்களுக்கு இரண்டடி முன்னால் விழுந்தார். உருண்டு வந்த ஒரு கல் அவர் கணுக்காலில் ஏறி நின்றது.

பிறகு எல்லாம் அடங்கியது. குடைக்காரர் என் கையை விடவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம், தார்ப்பாய், குடைகள், பூட்டிய வீடுகளில் இரண்டின் கதவுகள், எதையும் காணோம். நிமிர்ந்து பார்த்தேன். தோட்டத்தட்டின் விளிம்பு அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லை. ஒரு மடக்கு நாற்காலி புல் வேரில் மாட்டி அந்தரத்தில் தொங்கியது.

"அண்ணி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

கண்காணிப்பாளரின் காலிலிருந்து கல்லை நானும் குடைக்காரரும் சேர்ந்து புரட்டினோம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேல போங்க, மேல பாருங்க" என்றார். தெருவில் மேலே ஏற வழியில்லை. அடுத்த தெருவின் படிகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியெல்லாம் அண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவ்வளவு பெரிய குரல்காரர், நான் கூப்பிடுவது காதில் விழுந்திருந்தால் பதில் சொல்லாமல் இருப்பாரா என்று நினைக்க நினைக்கக் கால் பின்னியது. ஓரிடத்தில் விழுந்து முழங்கை கிழிந்தது. அது எனக்கு இரவில்தான் தெரிந்தது.

பெரிய மரத்தடியில் ஓவியக்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆசிரியை என்னைக் கண்டதும், "முப்பத்தி மூணு பேர் எண்ணினேன். முப்பத்தி நாலு இருக்கணும். உங்ககூட வந்தவங்க திரும்பிப் போனாங்க" என்றார். விளிம்பின் பக்கம் காட்டினார்.

குளத்துக்கு அந்தப் பக்கம், உடைந்த விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, அண்ணி புல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு முதியவர். அவருடைய சட்டைக் காலரை அண்ணி பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்திருந்தார். அந்த மனிதர் படம் வரையும்போது இடைஞ்சல் வேண்டாம் என்று காதுக்கருவியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாராம். அண்ணியின் குரல் ஊருக்கே கேட்டது, அவர் ஒருவருக்குக் கேட்கவில்லை. அண்ணி திரும்பிப் போய்க் காலரைப் பிடித்து இழுத்திருக்கிறார். இழுத்து நாலு எட்டு வைப்பதற்குள் அவருடைய நாற்காலி இருந்த நிலம் கீழே போய்விட்டது.

நான் போய் மண்டியிட்டேன். அண்ணி என்னைப் பார்த்தார். பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. முதியவர் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, "என்ன சொன்னீங்க?" என்று அண்ணியிடம் கேட்டார். அப்போதுதான் அண்ணி அழ ஆரம்பித்தார்.

தீயணைப்புக்காரர்கள் வந்து இருட்டும் வரை கற்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அடியில் யாரும் இல்லை என்று உறுதியானது. கண்காணிப்பாளருக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு. அந்த ஊர்ப் பொறியாளர் திங்கட்கிழமைக்குக் காத்திராமல் அன்றே வந்து, நான் பார்த்ததையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார். எத்தனை மணிக்கு என்ன பார்த்தேன் என்று கேட்டார். காலை எட்டே முக்காலுக்கு விரிசலைப் பார்த்தேன் என்று சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அறைக்குத் திரும்பியதும் அண்ணி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்தார். நான் கிழிந்த முழங்கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்" என்றேன். "சுவர் விழுந்தப்போ, நீங்க எங்க இருக்கீங்கன்னு நினைக்கறதுக்கு முன்னாடி, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்பாடா, விழுந்துடுச்சு, நான் சொன்னது சரின்னு. ஒரு நொடிதான். ஆனா இருந்துச்சு."

அவர் என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாலை விஷயம் அவருக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

"நான் மட்டும் என்ன" என்றார் கடைசியில். "நீ சொன்ன எதுவும் எனக்குப் புரியல. தண்ணி, துளை, மண்ணு, ஒண்ணும் புரியல. சுவர் விழும்னு நான் நம்பவும் இல்ல. அந்தம்மா விழுமான்னு கேட்டப்போ நீ வாயை மூடிக்கிட்டு நின்ன பாரு, அந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியல. அதனாலதான் கத்தினேன்." தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த மனுஷன் எவ்வளவு கனம் தெரியுமா" என்றார். "என் தோள்பட்டை போச்சு."

தைலம் எடுத்துத் தேய்த்துவிட்டேன். என் கணவர் போனில் கூப்பிட்டபோது அண்ணிதான் எடுத்தார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார், சுவரைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் சேர்த்து. புரியவில்லை என்றவர் ஒன்றைக்கூட மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம், நடந்துதான். காலில் கட்டோடு படுத்திருந்தார். சட்டைப் பையில் பேனா இல்லை. எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"துளையை அடைக்கச் சொன்னது நான்தான்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். "பழி வேலைக்காரங்க மேல போயிடக் கூடாதுல்ல."

அண்ணி வாங்கி வந்த பழங்களை மேசையில் வைத்தார்.

"மேற்குப் பக்கம் இன்னும் ரெண்டு சுவர் இருக்கு" என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "அதுக்கும் நான் பூசியிருக்கேன். ராத்திரி பூரா அதான் நினைப்பு. நீங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை..."

"பார்க்கிறேன்" என்றேன். "ஊர் இன்ஜினியரையும் கூட்டிட்டுப் போறேன். கீழ வீடு இருக்கா?"

"ஒரு சுவருக்குக் கீழ இருக்கு. ஆறு வீடு."

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மழைக்கு வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மேற்குப் பக்கத்துக்கு எந்தப் படியில் ஏற வேண்டும் என்று வாசலில் இருந்த காவலாளியிடம் வழி கேட்டோம்.